இருப்பதை இல்லை என்று சொல்லச் சொன்னவர்கள்

கவுண்ட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று நம் முதலாளி பாயின் மகன் கேட்டான். பார்ட்ஸ் பெயர்களை நான் சொல்லித்தரப் போவதில்லை. அவை பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். எந்த வண்டிக்கு எந்த பேரிங் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். கம்ப்யூட்டர் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் முழங்கால் வலியோடு பஸ் ஏறி வந்தேன். ஆகையால் அந்தப் போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

இந்தத் தொழிலில் மிகச் சுலபமான வேலை "இல்லை" என்று சொல்வது. தேட வேண்டாம், குனிய வேண்டாம், ஏணி ஏற வேண்டாம். கேட்டவரும் சண்டை போடமாட்டார். இல்லாததற்கு யார் என்ன செய்ய முடியும் என்று அடுத்த கடைக்குப் போய்விடுவார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் இந்த ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டியவர்கள் உண்டு. எனக்கு முன்னால் இந்தக் கவுண்ட்டரில் நின்றவர் அப்படிப்பட்ட மேதை. பெயர் வேண்டாம். மேல் ரேக்கில் இருப்பதெல்லாம் அவருக்கு இல்லை. டீ வருகிற நேரத்தில் கீழ் ரேக்கில் இருப்பதும் இல்லை. நான் பில் போட வந்தவள். ஒரு நாள் கம்மாபுரத்திலிருந்து ஒரு பால்காரர் கிளட்ச் கேபிள் கேட்டு வந்து, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு முகம் தொங்கத் திரும்பினார். நான் எழுந்து போய் ஏணியில் ஏறி, கேபிளை எடுத்து வந்து கவுண்ட்டரில் வைத்தேன். காடாம்புலியூரில் முந்திரி மரம் ஏறி வளர்ந்தவளுக்கு இரும்பு ஏணி ஒரு பொருட்டா? அந்த மேதை அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. என்ன செய்யக் கூடாது என்று கற்றுத்தரவும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அவ்வகையில் அவரே என் குரு. அவர் ஓய்வு பெற்றுப் போனதும் கவுண்ட்டர் என் கைக்கு வந்தது.

இனி, உங்களை அதிகம் சோதிக்கப் போகும் ஓர் இனத்தைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டிலேயே வண்டியைப் பிரித்து மாற்றிக் கட்டுகிறவர்கள். அதிலும் பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கைக் கட்டுகிறவர்கள். மெக்கானிக் வந்தால் என்ன பார்ட் வேண்டும் என்று சொல்லுவார். இவர்கள் போனைத் திறந்து ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். அதில் ஐரோப்பாவில் ஒருவன் கையில் உறை மாட்டிக்கொண்டு ஏதோ திருகிக்கொண்டிருப்பான். "இது வேணும்க்கா" என்பார்கள். எது தம்பி, அந்த உறையா என்று நான் கேட்பேன். மட்கார்டை அறுத்து எறிந்துவிட்டு, ஐப்பசி மழையில் முதுகு முழுக்கச் சேற்றுக் கோடு போட்டுக்கொண்டு வந்து, மட்கார்டு இருக்கிறதா என்று கேட்டவனை நான் பார்த்திருக்கிறேன். யானைக்கால் மாதிரி டயர் போட்டுவிட்டு வண்டி வளைய மாட்டேன் என்கிறது என்று என்னிடம் குறைப்பட்டவனையும் பார்த்திருக்கிறேன். ஸ்டிக்கர் ஒட்டினால் வேகம் கூடும் என்று நம்புகிறவர்கள் இவர்கள். இவர்களில் பத்தில் ஒருவர்தான் வண்டியை முடிப்பார். மற்றவர்களின் வண்டி சாக்கு போர்த்தியபடி வீட்டு வாசலில் நிற்கும். பூனை குட்டி போடும்.

செந்தில்வேலனையும் முதலில் நான் அந்தக் கணக்கில்தான் வைத்தேன்.

சிதம்பரத்துக்காரர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டவர். நாற்பதைத் தொடுகிற வயது. சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வருவார். கவுண்ட்டருக்கு முன்னால் இல்லாத கோட்டுக்குப் பின்னால் நிற்பார். சிங்கப்பூர் அப்படிப் பழக்கியிருந்தது. நம் ஊர்க்காரர்கள் அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி வாங்கிக்கொண்டு போவார்கள், அவர் இன்னும் நிற்பார். நான்தான் கூப்பிட வேண்டும். முன்பு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை வீட்டு போர்ட்டிகோவில் வைத்துக் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கம்பெனி எது என்பது உங்களுக்கு அவசியமில்லை. அந்தக் காலத்தில் கல்லூரிப் பையன்கள் எல்லாம் போஸ்டர் ஒட்டி வைத்திருந்த வண்டி. ஏதோ விபத்தில் நசுங்கியது என்றும் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவரிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பழைய பார்ட்டைக் கழற்றிப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார். வீடியோ காட்டமாட்டார். பிடிக்காதது மற்றதெல்லாம். நட்டு ஒன்று வாங்குவதற்கு அதை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் உரசி, மரையை எண்ணுகிற மாதிரி பார்ப்பார். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளைகூட அவ்வளவு பார்த்திருக்கமாட்டான். பின்னால் வரிசை நிற்கும். நான் ஏதாவது சொல்வேன். சிரித்துவிட்டு அடுத்த நட்டை எடுப்பார்.

இப்படிப் பல மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை அவர் கேட்டதுதான் விவகாரம். பின் சக்கரத்து பிரேக்கைக் காலால் மிதிக்காமல் கையால் பிடிக்க வேண்டும். இடது கைப்பிடியில், கிளட்ச் லீவருக்கு அடியில், கட்டைவிரலால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்ன லீவர், அதற்கேற்ற, பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர். ரேஸ் ஓட்டுகிறவர்கள் சிலர் அப்படி வைத்துக்கொள்வார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். கடலூரில் எவனிடமும் இருக்காது.

"காலு சும்மாத்தானே தொங்கிட்டிருக்கு, அதுக்கு ஒரு வேலையக் குடுங்களேன்" என்றேன். நின்றிருந்த மெக்கானிக்குகள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சென்னையிலிருந்து வரவழைக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியும் என்றேன். ஆர்டர் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன காரணம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். சொல்லாதது அவர் தப்பு.

காரணம் அடுத்த வாரம் தானாகவே கடைக்கு வந்தது, புடவை கட்டிக்கொண்டு.

கூட்டம் இல்லாத மதிய நேரம். ஒரு பெண் வந்து கவுண்ட்டரில் இருந்த இன்ஜின் ஆயில் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வருகிற பெண்கள் இரண்டு வகை. பார்ட் வாங்க வருகிறவர்கள் நேராகக் கேட்பார்கள். ஆயில் டப்பாவைப் பார்க்கிறவர்கள் வேறு எதற்கோ வந்தவர்கள். என்ன வேண்டும் என்று கேட்டேன். தான் செந்தில்வேலனின் மனைவி கோமதி என்றாள். அவர் ஆர்டர் கொடுத்த பிரேக் வந்துவிட்டதா என்றாள். இன்னும் வரவில்லை என்றேன். வந்தாலும் வரவில்லை என்றே அவரிடம் சொல்ல வேண்டும், அவரே அலுத்துப்போய் விட்டுவிடும்வரை அப்படியே சொல்ல வேண்டும் என்றாள். அதைக் கேட்கத்தான் சிதம்பரத்திலிருந்து வந்தாளாம்.

உட்காரச் சொன்னேன். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள். வண்டி செந்தில்வேலனுடையது. அவர் சிங்கப்பூர் போனபோது கோமதியின் தம்பி பிரபுவிடம் விட்டுவிட்டுப் போனார். வாரம் ஒரு தடவையாவது எடுத்து ஓட்டு, இல்லாவிட்டால் இன்ஜின் கட்டிக்கொள்ளும் என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பாராம். மாமா பேச்சைத் தட்டாத பையன். அப்படி எடுத்துக்கொண்டு போன ஒரு நாள் புதுச்சத்திரம் அருகே ரோட்டில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் சறுக்கி, வலது கால் வண்டிக்கும் தடுப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது செயற்கைக் கால். அப்பா அம்மா இல்லாத பையன், அக்கா வீட்டில்தான் இருக்கிறான். செந்தில்வேலன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்ததும் அதனால்தான். வந்ததும் முதல் காரியமாக, பழைய இரும்புக்குப் போட வேண்டிய வண்டியை இழுத்து வந்து போர்ட்டிகோவில் நிறுத்தினார். பிரபு மறுபடி அதில் ஏறி உட்கார வேண்டும் என்பது அவர் வைராக்கியம். வலது காலால் பிரேக் மிதிக்க முடியாது என்பதால் கையில் பிரேக்.

நான் கேட்டேன், இதை உன் புருஷனிடமே வேண்டாம் என்று சொல்வதற்கென்ன?

"சொன்னா அன்னிக்கே நிறுத்திடுவாருக்கா. ஆனா தம்பி என்ன நெனப்பான்? ஒரு காலுதான் போச்சு, இருந்த ஆசையையும் அக்கா புடுங்கிட்டாளேன்னு நெனக்கமாட்டானா? பார்ட் கெடைக்கலன்னா யாரு மேலயும் பழி இல்ல."

பழி யார் மேலும் இல்லையாம். கடலூரில் ஒரு கவுண்ட்டர்க்காரி பொய் சொல்வாளாம், சிதம்பரத்தில் ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்குமாம். எவ்வளவு அழகான ஏற்பாடு. அழுதுகொண்டிருந்தவளிடம் இதைச் சொல்லவில்லை. "இருக்கறத இல்லன்னு சொல்லமாட்டேன். ஒனக்குப் பயமா இருந்தா அத அவருகிட்ட சொல்லு. ஏங்கிட்ட சொன்னா நான் என்னா பண்ணுவேன், பேரிங்குதான் எடுத்துத் தருவேன்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டு போனது முகத்தில் தெரிந்தது.

நல்ல வாடிக்கையாளர் ஒருவர் கோபித்துக்கொண்டால் அவர் அடுத்து யாரிடம் போவார் என்று தெரியுமா? முதலாளியிடம் போவார். கோமதிக்குப் பண்ருட்டியில் ஒரு பெரியப்பா, முந்திரி வியாபாரி. நம் பாய்க்குப் பழைய சிநேகிதர். ரெண்டு நாளில் பாய் கல்லாவை விட்டு எழுந்து கவுண்ட்டருக்கு வந்தார். அவர் எழுந்து வருவது பெருநாளைக்கும் பாம்பு புகுந்தாலும்தான்.

அந்தக் குடும்பத்தின் கஷ்டத்தைச் சொன்னார். பாவம் என்றார். சின்ன விஷயம்தானே என்றார். ஒரே ஒரு வார்த்தை, இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்றார்.

"அப்ப நீங்களே சொல்லிடுங்க பாய். சனிக்கெழம அவரு வரும்போது நான் குடோனுக்குப் போயிடறேன்" என்றேன்.

பாய் தாடியைத் தடவினார். "நான் எப்படிம்மா சொல்றது? வியாபாரத்துல பொய் சொல்லக் கூடாதும்மா."

இதை நான் கேலிக்காகச் சேர்க்கவில்லை. அப்படியேதான் சொன்னார். ஐந்து வேளையும் தொழுகிற மனுஷன், தராசில் ஒரு குண்டுமணி குறைய விடமாட்டார். பொய் சொல்லக் கூடாது என்பதால்தான் என்னைச் சொல்லச் சொன்னார். என் கணக்கு வேறு ஏட்டில் எழுதப்படும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் ரேக்கைத் தூசி தட்டினேன். அவர் நின்று பார்த்துவிட்டு, "யோசிச்சுப் பாரும்மா, ஜாஸ்தி பிடிவாதம் நல்லதில்ல" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினார். முதலாளி யோசித்துப் பார் என்று சொன்னால் அது யோசனைக்கான அழைப்பு அல்ல என்பது உங்களுக்கும் போகப் போகத் தெரியும். அப்போது என் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். வேலையை விட்டு நிற்கிற நிலையில் நான் இல்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீரம் எல்லாம் பகலில் கவுண்ட்டரில் நிற்கும்போதுதான்.

வெள்ளிக்கிழமை சென்னைப் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக, நேர்த்தியாக இருந்தது. மறுபடி பெட்டியில் வைத்துக் கவுண்ட்டருக்குக் கீழே தள்ளினேன். ஜும்மா தொழுகைக்காகப் பாய் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் வந்தான். பையன் என்றாலும் இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அலுவலக அட்டை. நடையில் ஒரு சின்ன இழுப்பு. தெரியாதவர்களுக்குச் செருப்பு கடிக்கிறது என்று தோன்றும். எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது.

சரி, இவன் தன் பிரேக்கைக் கேட்க வந்திருக்கிறான், குடும்பத்தில் ஒருத்தனுக்காவது நேராகக் கேட்கத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்து, அவன் கேட்பதற்கு முன்பே குனிந்து பெட்டியைத் தொட்டேன்.

"அக்கா, எங்க மாமா ஒரு பார்ட் ஆர்டர் பண்ணியிருக்காரு. அது வந்துட்டாலும் வரலன்னு சொல்லிடறீங்களா?"

கையை எடுத்துவிட்டேன். நிமிர்ந்து அவனை நன்றாகப் பார்த்தேன். என் வேலைக்காலத்தில் எத்தனையோ முட்டாள்தனங்களைக் கவுண்ட்டருக்கு மறுபக்கத்தில் பார்த்திருக்கிறேன். இது வேறு தினுசு.

உனக்கு அந்த வண்டி வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். எப்போதிலிருந்து? கீழே விழுந்த அன்றைக்கிலிருந்தே. சிதம்பரத்தில் ஒரு லேபில் வேலை, அதற்குப் போய்வர கியர் இல்லாத ஸ்கூட்டர் இருக்கிறது, அது போதும். அந்த ஸ்போர்ட்ஸ் பைக்கின் சத்தத்தைக் கேட்டால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது என்றான். அப்படியானால் மாமாவிடம் சொல்லவேண்டியதுதானே என்றேன்.

"மாமா வந்ததுலேருந்து யாருகிட்டயும் சரியாப் பேசறதில்லக்கா. சாயந்திரம் போர்ட்டிகோவுல வண்டி முன்னாடி உக்காந்தாத்தான் பேசுவாரு. ஸ்பானரக் குடு மச்சான், அதத் தொடச்சிக் குடு மச்சான்னு. நானும் உக்காந்திருப்பேன். அவரு மொகத்தப் பாத்து வேணாம்னு எப்படிச் சொல்றது?"

அப்படியென்றால் வண்டி முடியாமலே கிடக்க வேண்டுமா என்று கேட்டேன். முடியாமல் இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது என்றான்.

ஒரு வீடு. ஒரே குழம்பைத்தான் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அக்காள் தம்பிக்காகப் பயப்படுகிறாள், தம்பி மாமாவுக்காக நடிக்கிறான், மாமா மச்சானுக்காக நட்டைத் தேய்க்கிறார். மூன்று பேருக்கும் வாய் இருக்கிறது. பொய் சொல்ல மட்டும் என் வாய் வேண்டும். இந்த அன்புக்கு ஒரு கும்பிடு. இதைவிட மண்டையை உடைத்துக்கொள்கிற குடும்பங்கள் ஆரோக்கியமானவை. அவனிடம் நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. நாளைக்கு அவர் வந்தால் கேட்பதற்குப் பதில் சொல்வேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் சனிக்கிழமை. கடை நிறைந்திருந்தது. செந்தில்வேலன் வந்து வழக்கம்போல் இல்லாத கோட்டுக்குப் பின்னால் நின்றார். பாய் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார். பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இல்லை என்பது ஒன்றுதான் குறை.

இங்கேதான் கவனிக்கச் சொல்கிறேன். எனக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, இல்லை என்பது. வேலை பிழைக்கும், குடும்பம் பிழைக்கும், எல்லாரும் நல்லவர்கள். ஆனால் இந்த மனுஷனுக்குக் கையும் காலும் இருக்கின்றன. கடலூரில் இல்லை என்றால் புதுச்சேரி போவார், இல்லாவிட்டால் லேத்தில் கொடுத்து எதையாவது கடைந்து மாட்டுவார். கடைந்த பிரேக்கோடு அந்தப் பையன் மாமாவின் முகத்துக்காக வண்டியில் ஏறியும் விடுவான். இன்னொன்று, உன் பெண்டாட்டி வந்தாள், உன் மச்சான் வந்தான் என்று சனிக்கிழமைச் சந்தையில் தண்டோரா போடுவது. அவர்கள் என்னை நம்பிச் சொன்னது அது. எனக்கு அவர்கள்மேல் எரிச்சல் இருந்தது உண்மை. அதற்காக அவர்கள் சொன்னதை அள்ளி வீச எனக்கு அதிகாரம் இல்லை.

"என்னாக்கா, வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சி" என்றேன். பாயின் பேப்பர் சலசலத்தது. பெட்டியை எடுத்து வைத்தேன். அவர் கையை நீட்டியபோது பெட்டியின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன். "இத ஓட்டப் போற ஆளக் கூட்டிட்டு வாங்க. கட்டவெரலு எட்டுதான்னு பாக்கணும். ஒருத்தருக்கு எட்டறது இன்னொருத்தருக்கு எட்டாது."

அவர் என்னைப் பார்த்தார். "நான்தான ஓட்டப் போறேன்" என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஒங்களுக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் இருந்த மெக்கானிக்குகள் போன தடவை சிரித்ததை மறந்துவிட்டு இந்தத் தடவை ரேக்கைப் பார்த்தார்கள். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கட்டைவிரல் எட்டித்தான் ஆக வேண்டும். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே அதையும் தள்ள வராவிட்டால் அந்த பிரேக் வெறும் அலங்காரம்.

அவர் கிளம்பிப் போய், சாயந்திரம் கூட்டம் குறைகிற நேரத்தில் திரும்பி வந்தார். கூடவே பிரபு. இருவருக்கும் பின்னால், கூப்பிடாமலே வந்த மாதிரி, கோமதி. பழைய ஹேண்டில்பார் ஒன்றைக் கவுண்ட்டரில் வைத்து, லீவரை அதில் பொருத்திப் பிடித்தேன். பிரபுவைக் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான். மாமா குனிந்து அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டுகிறதா என்று கேட்டேன். எட்டுகிறது என்றான். தள்ள வருகிறதா என்றேன். வருகிறது என்றான். வேணுமா என்றேன்.

அந்தக் கேள்வி அவர்கள் வீட்டில் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி. அவன் கையை எடுத்துவிட்டான்.

"எட்டுது மாமா. ஆனா எனக்கு வேணாம்."

பாய்க்கு அந்த நேரத்தில் பல்பு எண்ண வேண்டிய அவசரம் வந்துவிட்டது, உள்ளே போய்விட்டார்.

செந்தில்வேலன் அந்தக் காலி ஹேண்டில்பாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாம்னா மொதல்லியே சொல்லியிருக்கலாமே மச்சான்" என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புதான்.

"நீங்க கேக்கவே இல்லியே மாமா."

"இத்தன நாளா கூடவே உக்காந்திருந்தியேடா."

"நீங்க உக்காந்திருந்தீங்க, நானும் உக்காந்திருந்தேன். வண்டிக்காக இல்ல."

கோமதி தம்பியின் முதுகில் ஓர் அடி அடித்தாள். பலமாகவே அடித்தாள். நீ ஆசைப்படுகிறாய் என்றுதானே நான் ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லி அழுதாள். செந்தில்வேலன் அவள் பக்கம் திரும்பி, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்றார். பிறகு அவர் சொன்னது மெதுவாகத்தான் வந்தது. சிங்கப்பூரிலிருந்து, எடுத்து ஓட்டு ஓட்டு என்று சொன்னது நான்தான். அந்தக் குரல் இன்னும் என் காதில் கேட்கிறது. நீ மறுபடி அதில் ஏறிவிட்டால் அது நின்றுவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் சொன்னார். பிரபு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மாமா, நீங்கள் சொல்லாவிட்டாலும் அன்றைக்கு எடுத்திருப்பேன், அன்றைக்கு எனக்கே ஆசையாக இருந்தது என்றான். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. கவுண்ட்டரில் நின்றபடி நான் ஸ்க்ரூக்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே பிரித்து வைத்தவைதான்.

பெட்டியை மறுபடி கீழே வைக்கப் போனேன். செந்தில்வேலன் வேண்டாம், கொடுங்கள் என்றார். பாதியில் நிற்கிற வண்டியைத் தினமும் தாண்டிக்கொண்டு உள்ளே போக முடியாது, முடித்துவிடுகிறேன் என்றார். கோமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, முடித்து விற்றுவிடுங்கள் என்றாள். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அடுத்த நாள் பாய் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சம்பளம் குறையவில்லை என்பதால் மன்னிக்கப்பட்டேன் என்று தெரிந்துகொண்டேன்.

வண்டியை முடித்ததும் காட்டுவதற்காக அதிலேயே வந்தார். கறுப்பு நிறம், ஒரு ஸ்டிக்கர் கிடையாது. குறை சொல்ல இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தேன். கிடைக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பழக்கமில்லாததால், நட்டுக்கு ஆன நேரத்தில் நாலு வண்டி கட்டியிருக்கலாம் என்றேன். அவர் சிரித்தார். பிரபு ஒரே ஒரு தடவை, ஸ்டாண்ட் போட்டபடியே ஏறி உட்கார்ந்தானாம். மாமா பின் சக்கரத்தைச் சுற்றிவிட, இவன் கட்டைவிரலால் தள்ள, சக்கரம் நின்றதாம். நல்லா பிடிக்குது மாமா என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டானாம். இப்போது சாயந்திரத்தில் போர்ட்டிகோவில் சும்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றார்.

வாயை வாடகைக்கு விடாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நல்ல காரணத்தோடு கேட்பார்கள், அழுதுகொண்டு கேட்பார்கள், முதலாளியே கேட்பார். சரக்கை மட்டும் கொடுங்கள். இது கேட்பதற்கு லேசாக இருக்கும். எவ்வளவு லேசு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வண்டியை மங்கலம்பேட்டைப் பையன் ஒருத்தன் வாங்கினான். கொஞ்ச நாளில் நம் கவுண்ட்டருக்கு வந்து போனை நீட்டினான். போட்டோவில் இடது கைப்பிடி. இந்த எக்ஸ்ட்ரா லீவர் கேவலமாக இருக்கிறது, இதைத் தூக்கிவிட்டுக் காலுக்கே சாதா பெடல் போட வேண்டும், பழைய மாடலுக்கு பெடல் செட் இருக்கிறதா என்று கேட்டான். அது ஒரு கால் போனவருக்காகச் செய்தது என்றேன். "ஓ" என்றான். அப்படியென்றால் கழற்றி யாருக்காவது விற்கலாமா என்று கேட்டான்.

பெடல் செட் இருந்தது. எனக்குப் பின்னாலேயே, கை நீட்டினால் தொடுகிற உயரத்தில். பத்துப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பெட்டி, அந்தப் பையனால் அதை அடையாளம் காண முடியாது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த லீவர் இன்னும் கொஞ்ச நாளாவது அந்த வண்டியில் இருக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

இருக்கிறது என்றேன். எடுத்துத் துடைத்து, அவன் முன்னால் வைத்தேன். பில்லைப் போட்டுக் கிழித்து நீட்டினேன். "தேங்க்ஸ்க்கா" என்றான். நான் பதில் சொல்லவில்லை. இருப்பதை இல்லை என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான் தொழில். சிரித்துக்கொண்டே தர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.